குழவி ஒரு கரை, கல் ஒரு கரை

அன்பு மகனுக்கு,

பாம்பூஃப்ளாட் படகுத்துறையின் முடிசூடாத சக்கரவர்த்தியும், வங்காள விரிகுடாவில் வீசுகிற காற்று மழைக்கெல்லாம் நேரடி மேற்பார்வையாளனும், வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் சாத்தம் மர ஆலையில் கட்டைகளுக்கு நம்பர் போடுகிறவனுமாகிய உன் தகப்பன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம், உன் அம்மா சுகம், அவளுடைய வாத்துகள் எங்கள் இருவரையும்விட சுகம். நீ மாயாபந்தர் போய்ச் சேர்ந்ததையும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன்னைப் பார்த்துப் பயப்படாததையும் எழுதியிருந்தாய். சந்தோஷம். நம் குடும்பத்தில் யாரைப் பார்த்தும் யாரும் பயந்ததில்லை. அந்தப் பெருமை உன்னால் கெட்டுப்போகவில்லை. ஆனால் உன் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருந்தது பார், அதைப் படித்ததும் என் கையிலிருந்த டீ கிளாஸ் ஆடியது. அந்த ஆட்டத்தில் துறையில் கட்டியிருந்த படகும் ஒருமுறை ஆடியதாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை, துடைத்துக்கொண்டிருந்தேன்.

உன் குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிற இரண்டு வாத்தியார் குடும்பங்கள் பேசிக்கொள்வதில்லை என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு இரண்டு வீட்டாரும் வருகிறார்கள், பாயில் ஒரு ஓரத்தில் அவர்கள், மறு ஓரத்தில் இவர்கள், நடுவில் நீ. அவர்கள் சொல்வதை இவர்களிடமும் இவர்கள் சொல்வதை அவர்களிடமும் பதமாகச் சொல்லுகிறாய். "ரெண்டு பேருக்கும் நான் நல்லவனா இருக்கேன் அப்பா, ஒரு மாதிரி சமாதானமாப் போய்க்கிட்டிருக்கு" என்று முடித்திருந்தாய். மகனே, வழுக்கை பரம்பரையாக வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வாயுத்தொல்லை வரும். இதுவும் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த நடு இடத்தில் உனக்கு முன்பே ஒருவன் உட்கார்ந்து, சொகுசு கண்டு, இரண்டு சுற்றுப் பெருத்தும் போனான். அவன் கதையை உனக்குச் சொல்லியாக வேண்டும். அந்தக் கதையில் நீயும் இருக்கிறாய், பெரிய பாத்திரம். அதை நானே நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்தத் தீவில் பிறந்த பிள்ளைகள் எல்லாம், தமிழோ தெலுங்கோ வங்காளமோ, என்னை மாமா என்றுதான் கூப்பிடுகின்றன. நீ ஒருவன்தான் அப்பா என்கிறாய். அதுவும் பல வருஷம் கொஞ்சம் சந்தேகத்தோடேதான். மாமா என்ற பட்டம் சும்மா வரவில்லை. பாம்பூஃப்ளாட்டில் ஒரு கோழி அடுத்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இரண்டு தரப்பும் என்னைத்தான் கூப்பிடும். நான் போய் இரண்டு வீட்டிலும் டீ குடித்து, கோழியையும் விசாரித்து, எல்லாரையும் சிரிக்க வைத்து அனுப்புவேன். மலைமேல் உட்கார்ந்து ஆண்டவர் யார் யார் பாக்கியவான்கள் என்று சொன்னாரே, அதில் சமாதானம் பண்ணுகிறவர்கள் என்று வாசிக்கிற இடம் வந்தால் சபையில் நாலு பேர் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். அவ்வளவு அடக்கமாக ஒருவன் தலை குனிவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

ரூத்து அத்தையையும் ஜெபமணி அத்தையையும் உனக்குத் தெரியும். உன் கண்ணுக்கு இரண்டு பேரும் ஒரே வாயுள்ள இரண்டு அத்தைகள். நீ கைப்பிள்ளையாக இருந்தபோது அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள் என்றால் நம்பமாட்டாய். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்கள் மூன்று குடும்பமும் ஒரே கப்பலில் வந்தோம். ரூத்துவின் புருஷன் தங்கையாவுக்கு மராமத்து இலாகாவில் வேலை; ஜெபமணியின் புருஷன் என்னோடு மர ஆலையில். புறப்படும்போது பெண்கள் இருவரும் சேர்ந்து பாளையங்கோட்டையில் ஓர் ஆட்டுக்கல் வாங்கினார்கள். தீவில் நல்ல கருங்கல் கிடைக்காது, அரைக்க வழியிருக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தக் கல்லை ஏற்றும்போது கப்பல் அரை அடி கீழே இறங்கியது, கேப்டன் இறங்கி வந்து கல்லுக்கு சல்யூட் அடித்தார் என்று நான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். சல்யூட் அடித்தது மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னது.

பாம்பூஃப்ளாட்டில் தகரக்கூரை போட்ட வரிசை வீடுகளில் அடுத்தடுத்துக் குடியிருந்தோம். கல் ஜெபமணி வீட்டு வாசலில் இருந்தது. ஒரே கல் என்பதால் ஒரு சட்டமும் இருந்தது: மாவு முதலில், கருவாட்டுத் துவையல் கடைசியில், அதற்குப் பிறகு கல்லை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உயிர்த்தெழுந்த பண்டிகை வந்தது. அது எந்த மாதத்தில் வரும் என்று உனக்குத் தெரியும். மழை இறங்குவதற்கு முந்தின வறட்சி, கிணற்றில் வாளி போட்டால் தவளை ஏறி வரும். தங்கையா தன் ஆபீசரை, ஒரு வங்காளிப் பெரியவரை, பண்டிகைக் காலைப் பலகாரத்துக்கு அழைத்திருந்தார். முதல் நாள் மத்தியானம் ஜெபமணி நெத்திலிக் கருவாடு அரைத்தாள். மூன்று தண்ணீர் விட வேண்டிய கல்லுக்கு அரைச் செம்பு தண்ணீர் காட்டினாள். வீட்டில் இருந்ததே அவ்வளவுதான். அன்று சாயங்காலம் ரூத்து அதே கல்லில் இட்லிக்கு அரைத்தாள். மறுநாள் காலையில் இட்லிப் பானையைத் திறந்தால், மகனே, கல்லறை திறந்த அந்த மகிமையான காலையில், கருவாடும் உயிர்த்தெழுந்து வந்தது.

ஆபீசர் ஒரு வாய் வைத்தார். ரூத்து அடுக்களைக் கதவோரம் காதைக் கொடுத்து நின்றாள். "அரே தங்கையா, இஸ்மே மச்சி டாலா க்யா? பஹுத் படியா" என்று மனிதர் ஒன்பது இட்லி சாப்பிட்டார். மீன் போட்ட இட்லியை வங்காளத்திலேயே பார்த்ததில்லை என்று பாராட்டி, எப்படிச் செய்வதென்று தன் வீட்டம்மாவுக்குச் சொல்லித்தரக் கேட்டார். பாராட்டத்தான் பாராட்டினார். ஆனால் பஞ்சுபோல் வெள்ளை இட்லிக்குப் பேர்போன ரூத்துவுக்கு அது செத்துப்போவதுபோல் இருந்தது. தன் இட்லியைப் பாராட்டினால் பரவாயில்லை; ஜெபமணியின் கருவாட்டையல்லவா பாராட்டிவிட்டுப் போகிறார். நேரே போய்க் கேட்டாள். ஜெபமணி, அந்த ஒரு நொடியில் வருத்தம் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது, சிரித்துவிட்டாள். ரூத்து குனிந்து கல்லிலிருந்து குழவியை உருவினாள், இடுப்பில் வைத்தாள், வீட்டுக்குப் போனாள். அடுத்த மாதம் தங்கையாவுக்கு அந்தக் கரையில், விமானம் இறங்குகிற இடத்துக்குப் பக்கம், லம்பா லைனில் வீடு கிடைத்தது. போனார்கள். குழவியும் போயிற்று.

இப்போது நிலைமையைப் பார். பாம்பூஃப்ளாட்டில் குழவி இல்லாத கல். லம்பா லைனில் கல் இல்லாத குழவி. நடுவில் துறைமுகம். படகேறிப் போய்வருகிற பெண்கள் எத்தனையோ பேர். கோயில் அந்தக் கரையில் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஜெபமணியும் ஏறுவாள்; ஆனால் ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போகமாட்டாள். அப்போதுதான் உன் தகப்பன் தீவுகளின் சமாதானத் தூதனாகப் பதவி ஏற்றான். சனிக்கிழமை ஆலை விட்டதும் லம்பா லைனுக்குச் சைக்கிளில் போவேன். குழவியைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு சாத்தம் வந்து படகேறுவேன். ஜெபமணி சாயங்காலம் அரைப்பாள். ஞாயிறு காலை குழவியையும், ரூத்து வீட்டுக்கென்று ஒரு தூக்குவாளி மாவையும் எடுத்துக்கொண்டு ஆராதனைக்கு வருவேன். பிரசங்கம் முடிகிறவரை குழவி என் பெஞ்சுக்கு அடியில் சாக்குக்குள் பக்தியோடு படுத்திருக்கும். நான் ஏறினால் படகு ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று படகோட்டுகிற சேரங் வாராவாரம் குறைப்பட்டுக்கொள்வான். "மாமாஜி, இஸ்கா டிக்கெட் அலக் லகேகா" என்பான். குழவிக்குத் தனி டிக்கெட் கேட்ட அரசாங்கம் உலகத்தில் அது ஒன்றுதான்.

குழவியோடு வார்த்தைகளும் பயணம் செய்தன. அங்கேதான் வினை. ரூத்து, "அந்தக் கருவாட்டுக்காரிட்ட சொல்லும், குழவி விளிம்பு ஒடைஞ்சா நான் மனுசியா இருக்கமாட்டேன்" என்பாள். நடுத்துறைமுகத்தில் அந்த வார்த்தையை எடுத்து, முள்ளை நீக்கி, சீனி தூவி, ஜெபமணியிடம், "ரூத்து ஒன் சுகத்த விசாரிச்சா" என்பேன். ஜெபமணி, "சிரிச்சதுக்குத் தூக்குலயா போடுவா?" என்றால், அது லம்பா லைன் போய்ச் சேரும்போது, "ஜெபமணி ரொம்ப வருத்தப்படுதா" என்று ஆகியிருக்கும். ஜெபமணி சொல்லாத வருத்தத்தை நான் வாராவாரம் கொண்டுபோய் இறக்கினேன். ரூத்து கொடுக்காத மன்னிப்பை வாராவாரம் கொண்டுவந்து இறக்கினேன். இரண்டு வீட்டிலும் எனக்கு ராஜ உபசாரம். அங்கே முறுக்கு, இங்கே தோசை. என் இடுப்பில் வேட்டி எட்டாமல் போனது அந்தக் காலத்தில்தான். உன் அம்மா ஒருநாள் பார்த்தாள். "ரெண்டு வீட்டுலயும் திங்கணும்னா ரெண்டு வீடும் பேசக்கூடாது. அதான உங்க ஜெபம்?" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவளும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள், கேள். கோயிலில் பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் இந்த ஓரம் ரூத்து, அந்த ஓரம் ஜெபமணி, நடுவில் உன் அம்மா. அவள் மடியில் ஒரு வயது நிறையாத நீ. நற்கருணை ஞாயிற்றில் சமாதானம் கொடுப்போமே, பாதிரி ஐயர் பீடத்திலிருந்து இறங்கி வந்து முதல் ஆளின் கைகளைத் தம் கைகளுக்குள் வாங்க, அவர் திரும்பி அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று கைமாறிக் கைமாறிக் கடைசிப் பெஞ்சுவரை போகுமே. அது ரூத்துவிடம் வரும். ரூத்து உன் அம்மாவுக்குக் கொடுப்பாள். உன் அம்மா ஜெபமணிக்குக் கொடுப்பாள். தடங்கலில்லாமல் நடந்தது. ரூத்துவும் ஜெபமணியும் ஒருவர் விரல் ஒருவர் மேல் படாமலே சபையின் சமாதானம் மாதாமாதம் பிரமாதமாக நிறைவேறியது. ஆண்கள் பக்கமிருந்து அதைப் பார்த்து, நம் குடும்பம் சபைக்கு எவ்வளவு பெரிய தூண் என்று நான் ஸ்தோத்திரம் சொல்வேன். அது தூணில்லை, சுவர் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை லம்பா லைனுக்குப் போனேன். குழவி வெளியே இல்லை. வாசலில் டிரங்குப் பெட்டிகள் கயிறு கட்டிக் கிடந்தன. பாத்திர மூட்டைகள் முதல் நாளே துறைமுகத்துக்குப் போய்விட்டன. தங்கையா வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். வருகிற கப்பலில் ஊருக்குப் போகிறார்கள், திரும்பி வரப்போவதில்லை.   என்ன விஷயம் என்று ரூத்துவிடம் கேட்டேன். அவள் ஒரு புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"இந்தத் தீவுல எனக்குன்னு இருந்தது அவ ஒருத்திதான் அண்ணாச்சி. பக்கத்து வீட்டுல இந்தி, எதிர் வீட்டுல தெலுங்கு. நான் யார்ட்டப் பேச? அவளே இல்லன்னா நான் எதுக்கு இங்க?"

இதைவிட நல்ல வார்த்தையை அந்தத் துறைமுகம் ஒருநாளும் கடந்திருக்காது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஜெபமணி மடியில் போட வேண்டியதுதான் என் வேலை. நான் என்ன செய்தேன் தெரியுமா? படகில் உட்கார்ந்து யோசித்தேன். இதைச் சொன்னால் ஜெபமணி அழுவாள், நாளைக்குக் கோயிலில் முகம் வீங்கியிருக்கும், பிரியாவிடை நேரத்தில் எதற்கு மனக்கஷ்டம் என்று சமாதானப் பிரபு தீர்மானித்தான். ஜெபமணியிடம் போய், "ஊர்ல சொத்துசொகம் பாக்கணுமாம், ரொம்ப சந்தோசமாப் போறாவ. ஒனக்கு வாழ்த்துச் சொன்னா" என்றேன். குழவி வரும் என்று அவள் வழக்கம்போல் அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு வைத்திருந்தாள். என் வெறுந்தோளைப் பார்த்தாள். "சந்தோசமாவா போறா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா" என்றேன். சனிக்கிழமை சாயங்காலம் முதல்முறையாக அந்த வாசலில் கல் சத்தமில்லாமல் இருந்தது. அவள் வீட்டில் எனக்கு அன்று தோசையும் இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் நற்கருணை ஞாயிறு. அதே பெஞ்சு, அதே மூன்று பேர், அம்மா மடியில் நீ. உன்னை அந்த வயதில் பார்த்தவர்கள் இன்னும் சொல்வார்கள், சமர்த்துப் பிள்ளை, ஐயர் பிரசங்கத்தில் தூங்காத ஒரே ஆத்துமா நீதான் என்று. எல்லாம் முறைப்படி நடந்தது. சமாதானம் கொடுக்கிற நேரம் வந்தது. ஐயர் இறங்கினார். முதல் பெஞ்சு முடிந்து, ரூத்துவின் கைகளுக்கு வந்தது. அவள் உன் அம்மா பக்கம் திரும்பினாள். அந்தக் கணத்தில், மகனே, நீ ஒரு கத்துக் கத்தினாய். அது சாதாரண அழுகை இல்லை. ராஸ் தீவில் மான்கள் எழுந்து ஓடின. சாத்தத்தில் ஆலைச் சங்கு வெட்கப்பட்டு ஒரு வாரம் ஊதவில்லை. உன் அம்மா உன்னைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டு, தலையைக் குனிந்தபடி விறுவிறு என்று வெளியே போய்விட்டாள். பெஞ்சின் நடுவில் ஓர் ஆள் இடம் காலி. இந்த ஓரம் ரூத்து, இரண்டு கையிலும் சமாதானத்தை வைத்துக்கொண்டு. அந்த ஓரம் ஜெபமணி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

 பின் பெஞ்சுகளுக்கு இன்னும் சமாதானம் போகவில்லை. போகாமல் ஐயர் அடுத்த ஜெபம் சொல்ல முடியாது. அவர் பீடத்தருகே கை கூப்பி நிற்கிறார். எங்களுக்குப் பிறகு அதே கோயிலில் இந்தி ஆராதனை. அந்த ஜனங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்க்கிறார்கள். நான் எழுந்து பெண்கள் பக்கம் போய் நடுவில் உட்கார்ந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன், பழக்கதோஷம்.

ரூத்து பெஞ்சில் நகர்ந்தாள். கொஞ்சம் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தாள். கோயிலில் கேட்கிற மாதிரி, ஆனால் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

"கைய நீட்டு ஜெபமணி. ஐயரு நிக்காரு."

ஜெபமணி கையை நீட்டினாள். ரூத்துவின் கைகள் அவள் கைகள்மேல் வந்தன. வழக்கப்படி வாங்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஜெபமணி திரும்பவில்லை. ரூத்துவின் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். லம்பா லைனில் கல் இல்லையே, வாரநாட்களில் அரைக்கத் தங்கையா படாக் மரக்கட்டையில் ஒரு குழி தோண்டிக் கொடுத்திருந்தார். அதில் குழவியைப் போட்டு இடித்து இடித்து அவள் கை காய்த்துப் போயிருந்தது.

"ஏட்டி, இதென்ன கை இப்படிக் கெடக்கு?"

"கல்லு ஒன்கிட்டல்லா கெடக்கு." ரூத்து குனிந்து பார்த்தாள். கடற்கரையில் பொறுக்கிய உருண்டைக் கல்லை வைத்து அரைத்து நசுங்கி, ஜெபமணியின் இரண்டு விரல் நகம் கறுத்திருந்தது. "ஒனக்கு என்ன?"

"குழவி ஒன்கிட்டல்லா கெடக்கு." பிறகு ஜெபமணி அந்தக் கையை விடாமலே கேட்டாள். "சந்தோசமாப் போறியாம்லா?"

"யாரு சொன்னா?"

"அண்ணாச்சி."

"நானா சந்தோசமாப் போறேன்? நீதான் வாராவாரம் வருத்தப்படுதேன்னு சொல்லிவிட்ட. ஒரு வாரமாவது நேர்ல வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நான் எப்பட்டி சொன்னேன்? நீதான மன்னிச்சிட்டேன்னு சொல்லிவிட்ட. மன்னிச்சவ ஏன் வரலன்னு நானும்லா இருந்தேன்."

இரண்டு தலைகளும் மெதுவாக, பீரங்கி திரும்புகிற மாதிரி, ஆண்கள் பக்கம் திரும்பின. நான் பாட்டுப் புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பக்கத்திலிருந்தவர் பிற்பாடு சொன்னார். ஆண்டவரை விசாரித்த ஏரோதும் பிலாத்தும் ஒரே நாளில் சிநேகிதரானார்கள் அல்லவா. அவர்களுக்குக்கூட இவ்வளவு நல்ல பொது எதிரி கிடைத்திருக்கமாட்டான்.

அப்புறம் ஜெபமணி சொன்னாள், "இப்பச் சொல்லுதேன். நான் கல்ல ஒழுங்காக் கழுவல. தண்ணி இல்ல. சிரிச்சது தப்பு." ரூத்து, "அந்த ஆபீசரு இன்னமும் அந்த இட்லியத்தான் கேக்காரு" என்றாள். முதலில் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியாது. பெஞ்சு குலுங்கியது. இருவரும் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, கண்ணிலிருந்து நீர் கொட்டக் கொட்டச் சிரித்தார்கள். ஐயர் தொண்டையைக் கனைத்தார். ஜெபமணி திடுக்கிட்டுத் திரும்பிப் பின் பெஞ்சுக்குச் சமாதானம் கொடுத்தாள்; அது தீயைப்போல் பரவிக் கடைசி வரிசை போய், வாசலில் நின்ற இந்திக்காரர்கள்வரை போய்விட்டது. அவர்களும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு ஐயர் பிரசங்கம் என்ன என்று யாருக்கும் நினைவில்லை, அவருக்கே இருக்காது.

ஆராதனை விட்டு வாசலுக்கு வந்ததும் ஜெபமணி சொன்ன முதல் வார்த்தை, "வீட்டுல நேத்துலருந்து அரிசி ஊறிக் கெடக்குட்டி." அவ்வளவுதான். "நேத்துலருந்தா? புளிச்சி நாறிரும்லா" என்று ரூத்து புறப்பட்டுவிட்டாள். கப்பல், டிக்கெட், ஊர் எல்லாம் ஊறின அரிசிக்கு முன்னால் நிற்கவில்லை. லம்பா லைனில் தங்கையா கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு நடுவிலிருந்து குழவியை எடுத்தார். பழக்கத்தில் நான் தோளைக் கொடுத்தேன். ரூத்து அதைத் தன் இடுப்பில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீரு சும்ம வாரும் அண்ணாச்சி."

என் பதவி அந்த நிமிஷத்தில் போயிற்று. படகில் அவள் இடுப்பில் குழவியோடு முன்னால் உட்கார்ந்தாள். நான் வெறுங்கையோடு பின்னால் நின்றேன். சேரங் என் தோளைப் பார்த்தான், அவள் இடுப்பைப் பார்த்தான், டிக்கெட் கேட்காமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். அன்று சாயங்காலம் பாம்பூஃப்ளாட்டில் ஒருத்தி குழவியைச் சுற்ற, ஒருத்தி எதிரே உட்கார்ந்து மாவைத் தள்ளிவிட, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச, அந்தக் கல் போட்ட சத்தத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். நான் சமாதானம் பண்ணிய அத்தனை காலமும் அந்த வாசலில் ஒருத்தி தனியாகத்தான் அரைத்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தங்கையா எழுதிக் கொடுத்த காகிதத்தை ஆபீசர் மேலே அனுப்பாமல் மேஜைக்குள்ளேயே வைத்திருந்தாராம். ஒரு தூக்குவாளி இட்லி, வேண்டுமென்றே கல்லைக் கழுவாமல் அரைத்தது, அவர் வீட்டுக்குப் போனது, காகிதம் கிழிந்தது. கப்பல் அவர்கள் இல்லாமல் புறப்பட்டது. பாத்திர மூட்டைகளை இறக்க மறந்துவிட்டார்கள். ரூத்துவின் வெண்கலப் பானைகள் மட்டும் சென்னைப்பட்டணம் பார்த்துவிட்டு அடுத்த கப்பலில் திரும்பி வந்தன.

இத்தனை வருஷமும் நான் இந்தக் கதையைச் சொல்லும்போது, குழந்தை அழுதது பரிசுத்த ஆவியானவரின் கிரியை என்று சொல்லி வந்தேன். ஜெபக்கூட்டத்தில் சாட்சியாகவே சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். நேற்று உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நடுவில் உட்கார்ந்திருக்கிறேன் என்கிற வரி வந்ததும் அவள் வாத்துக்குத் தவிடு பிசைந்த கையோடு நிமிர்ந்தாள். "அவன்ட்ட இன்னைக்காவது சொல்லிருங்க. நான் அன்னைக்கு அவன் தொடையில கிள்ளினேன்" என்றாள். எனக்குப் புரியவில்லை. "முந்தின நாள் ரூத்து வீட்டு வழியாத்தான் வந்தேன். பெட்டியெல்லாம் பாத்தேன். நான் நடுவுல இருக்குறவரைக்கும் இதுங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாதுன்னு தெரிஞ்சிச்சு. எந்திரிச்சுப் போக ஒரு சாக்கு வேணும்லா. நல்லாத் திருகித்தான் கிள்ளினேன், பாவம்" என்றாள். மறுபடி தவிட்டைப் பிசையப் போய்விட்டாள். இருபது வருஷச் சாட்சி ஒரு பிடித் தவிட்டில் போயிற்று. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஆவியானவர் சில சமயம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உபயோகிக்கலாம். வேண்டாம் என்று யார் சொன்னது?

ரூத்துவும் ஜெபமணியும் இப்போது சண்டை போடுவதில்லை என்று நினைத்துவிடாதே. ரூத்து மறுபடி இந்தக் கரைக்கே குடிவந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு உண்டு. போன வியாழக்கிழமைகூடக் கருவாட்டுக்காக ஒன்று நடந்தது, மூன்று வீடு தள்ளி எனக்குக் கேட்டது. ஆனால் நேருக்கு நேர் நின்று போடுகிறார்கள், நேருக்கு நேர் முடித்துக்கொள்கிறார்கள். ஒருத்தியும் என்னிடம் வருவதில்லை. முறுக்கும் வருவதில்லை. சமாதானத்துக்காக நான் செய்திருக்கிற ஒரே தியாகம் அந்த முறுக்குதான்.

ஆகையால் மகனே, அந்த இரண்டு வாத்தியார் வீட்டாரும் உன்னிடம் சொன்னது எதையும் சீனி தூவாதே. ஒருவர் மற்றவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை வாய்தவறிச் சொன்னால், அதைக் கை பொள்ளினாலும் அப்படியே கொண்டுபோய்ச் சேர். கெட்ட வார்த்தை வந்தால், "நீங்களே போய்ச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு உன் சைக்கிளைத் துடை. அவர்கள் இரண்டு பேருக்கும் நீ நல்லவனாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒருவருக்கொருவர் அவர்கள் நல்லவர்களாக இருந்தால் போதும். அதற்காக உன்மேல் கொஞ்சம் கோபம் வந்தாலும் வரட்டும், பாட்டுப் புத்தகம் எதற்கு இருக்கிறது? வருகிற ஞாயிறு ஜெபத்தில் பாயின் நடுவில் உட்கார். பாட்டு முடியட்டும். பிறகு எழுந்து வெளியே போய்விடு. கிள்ளுவதற்கு உன் மடியில் பிள்ளை இல்லை. உன் தொடையையே கிள்ளிக்கொள், வலிக்கிறது என்று சொல். பொய்யாகாது, உன் அம்மாவின் விரல் வலிமையில் பாதி உனக்கு வந்திருந்தால் வலிக்கத்தான் செய்யும். வெளியே நின்று கொஞ்ச நேரம் கடலைப் பார். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காதே; நானாக இருந்தால் பார்ப்பேன், நீ பார்க்காதே.

அந்தக் கிள்ளலுக்காக உன் அம்மா இத்தனை வருஷம் கழித்து உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள். மன்னித்தாயானால் அதை அவளுக்கே தனியாக எழுது. என் வழியாகச் சொல்லி அனுப்பாதே.

அப்பா